கால்பந்துப் பந்தயச் செயலிகள்

கேள்வி: ஒரகடம் தொழிலாளர் விடுதிகளில் இருந்துகொண்டு, ஐ.எஸ்.எல். கால்பந்துக்குச் செல்போன் செயலியில் பந்தயம் கட்டுவது குற்றமா?

பதில்: குற்றம்தான். இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என்.ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பியது பெரும் அரசியல் சர்ச்சையானது. சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகு, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இந்தச் சட்டத்தின்படி பந்தயம் கட்டுபவருக்கு 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஆடுபவரை விட்டுவிட்டு, நடத்துபவரைப் பிடிக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதுவே நியாயம். நைட் ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பி, சம்பளப் பணத்தைச் செயலியில் இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளி பாதிக்கப்பட்டவர். போலிச் செயலியில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.