வயிற்றுக்குள் இரண்டு பை

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நேற்று ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் நீ கேட்டது ஒரே கேள்வி: "அத்தை, வழக்கமாப் போடுற வலி மாத்திரையைப் போட்டுக்கலாமா?" வேண்டாம், பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வெந்நீர்ப் பையை வைத்துப் படு என்றேன். சரி என்று வைத்துவிட்டாய். ஏன் வேண்டாம் என்று நீ கேட்கவில்லை. வலியில் சுருண்டு கிடப்பவளுக்கு அது தோன்றவும் தோன்றாது. ஆனால் காரணம் தெரியாமல் கேட்டுக்கொண்ட பேச்சு இரண்டு மாதம் நிற்கும். மூன்றாவது மாதம் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் ஒரு ஸ்ட்ரிப்பை நீட்டினால் வாங்கி விழுங்கிவிடுவாய்.

முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவள் நான். "வயித்து வலிக்கு மாத்திரை" என்று யாராவது கேட்டால், முகத்தைப் பார்த்துத்தான் எந்த வயிறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்தி ஒரு பெண் கேட்டால் அது வேறு வயிறு. நம் பேச்சில் சோறு போவதும் வயிறுதான், பிள்ளை தங்குவதும் வயிறுதான். உள்ளே இருப்பது தனித்தனியாக இரண்டு பை: இரைப்பை, கருப்பை. எட்டு மாதத்துக்கு முன் எடை குறைய உனக்குச் செய்த பைபாஸ் அறுவைச் சிகிச்சை தொட்டது இரைப்பையை. வலிப்பது கருப்பை. அப்படியிருக்க, இந்தப் பைக்குப் போடும் மாத்திரை அந்தப் பையை எதற்குப் புண்ணாக்க வேண்டும்?

புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. மாதவிடாயின்போது கருப்பையின் உள்சவ்வு உரிகையில் இது அங்கே ஏராளமாகச் சுரந்து, கருப்பைத் தசையை ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குகிறது. முறுக்கும்போது அந்தத் தசைக்குப் போகிற ரத்தமும் குறைகிறது. நீ நேற்றுப் பட்ட பாடு அதுதான். சிலருக்கு அன்றைக்கென்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கும் இதுவே காரணம். 1957இல் பிக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், மாதவிடாய் உதிரத்திலேயே தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருப்பதாக எழுதினார். அது புரோஸ்டாகிளாண்டின்தான் என்பது பின்னால் தெரிந்தது. பெயர் வந்த கதைதான் எனக்குச் சிரிப்பு. 1930களில் ஸ்வீடன்காரர் ஊல்ஃப் வான் ஆய்லர் இதை விந்துவில் கண்டு, ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து அதன் பெயரையே வைத்துவிட்டார். பெண்களை மாதாமாதம் சுருட்டிப் போடுகிற சரக்குக்கு ஆண் உறுப்பின் பெயர்!

இதே ரசாயனம் இரைப்பையில் நல்ல பிள்ளை. இரைப்பை தன் அமிலத்தில் தானே வெந்துபோகாமல் இருக்க, உட்சுவரில் ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறதே, அதைக் காப்பது இதுதான். மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், நேப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் என்எஸ்ஏஐடி என்ற ஒரே சாதி. உடம்பு புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பதையே தடுக்கும். இதை 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் மாத்திரைக்குக் கருப்பை எது, இரைப்பை எது என்று தெரியாது. ஒன்றில் வலி அடங்கும்போதே மற்றதில் பூச்சு தேயும்.

முழு இரைப்பை உள்ளவர்களில் பெரும்பாலோர் மாதம் இரண்டு நாள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். உன் கதை வேறு. மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைத்திருக்கிறார்கள். வழக்கமான பாதையில் இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலுக்கு அமிலத்தை முறிக்கும் சுரப்புகள் உண்டு. உன் இணைப்பில் இருக்கும் குடல்பகுதிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்தத் தையல் ஓரத்தில்தான் புண் வரும், ரத்தம் கசியும், சில சமயம் ஓட்டையே விழும். புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். ஒதுக்கி வைத்த பெரிய இரைப்பையிலும் புண் வரலாம், ஆனால் வாய்வழியாக விடும் எண்டோஸ்கோப்பி அங்கே எளிதில் எட்டாது.

"சாப்பிட்டுட்டுப் போட்டா பரவாயில்லையா? ஊசியாப் போட்டா?" என்று அடுத்துக் கேட்பாய். மருந்து எந்த வழியாக உள்ளே போனாலும் ரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது. ஊசியும் ஆசனவாய் மாத்திரையும் தப்பிக்கும் வழி இல்லை. கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டால் ஆபத்து குறையலாம், போகாது. உன் சிநேகிதி செய்துகொண்டது ஸ்லீவ், இரைப்பையைக் குறுக்கி ஒரு குழாய்போல ஆக்குவது. அதில் இப்படி ஒரு குடல் இணைப்பு இல்லாததால் சில டாக்டர்கள் ஓரிரு நாளுக்கு இந்த மாத்திரைகளை அனுமதிப்பார்கள். அவளுக்குச் சொன்னது அவளுக்கு.

உன் டிஸ்சார்ஜ் சம்மரியின் நாலாம் பக்கத்தில் இது இருக்கிறது. 'என்எஸ்ஏஐடி தவிர்க்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் தேடிப் படித்தேன். அந்த ஐந்து எழுத்து எந்த மாத்திரை என்று இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? "மாதாமாதம் வலிக்கு என்ன போடுவாய்" என்று கேட்கத் தோன்றவில்லை ஒருவருக்கும். எனக்குக் கோபம்தான்.

அதனால் மாத்திரையின் பெயரைப் பார்க்காதே, ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைப் படி. மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனமிக் ஆசிட் இருக்கிறது. ட்ரோட்டின் வேறு, ட்ரோட்டின் எம் வேறு. அந்த ஒற்றை எழுத்தில் ஒளிந்திருப்பதும் மெஃபனமிக்தான். காம்பிஃப்ளாமில் பாரசிட்டமாலோடு ஐபுபுரோஃபென் சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் அவசரத்தில் "இதுவும் அதேதான்மா" என்பார். நானே அப்படிச் சொன்ன நாட்கள் உண்டு.

முன்பு ஒருநாள் இன்னொன்றும் கேட்டாய். உடம்பு இளைத்த பிறகு வலி ஏன் கூடியது? முன்பு உனக்கு மூன்று மாதம், நாலு மாதம் தள்ளிப்போகும், பிசிஓஎஸ், சினைப்பை நீர்க்கட்டி என்றார்கள். அப்போது பல மாதங்களில் கருமுட்டையே வெளிவந்திருக்காது. முட்டை வராத சுழற்சியில் இந்த முறுக்கு வலி பொதுவாகக் குறைவு. எடை இறங்கியதும் முட்டை வர ஆரம்பித்து, தேதி ஒழுங்காகி, வலியும் கூடவே வந்திருக்கிறது என்பது என் கணிப்பு. சந்தோஷப்படு என்று நான் சொல்ல மாட்டேன், வலிப்பது உனக்கு. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதே, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பார்கள். முட்டை திரும்பிவிட்டது என்றால் அதில் கவனம் வேண்டும்.

இனி என்ன செய்வது? வலி உச்சிக்கு ஏறிய பிறகு துரத்தாதே. தொடை இழுக்க ஆரம்பித்ததுமே பாரசிட்டமால் 650 ஒன்று. ஆறு மணி நேரம் கழித்து வேண்டுமானால் அடுத்தது. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் போகாதே. சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர். போதவில்லை என்றால் தசை முறுக்கைத் தளர்த்தும் மருந்துகள் இருக்கின்றன: ட்ரோட்டாவெரின், டைசைக்ளோமின். புரோஸ்டாகிளாண்டினை இவை தொடுவதில்லை. உன் சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள். டைசைக்ளோமின் வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும். மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கிற உனக்கு அது வேறு தொல்லை.

சூட்டைச் சாதாரணமாக நினைக்காதே. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி சூட்டுப் பட்டையை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கட்டிப் பார்த்தார்கள். ஐபுபுரோஃபெனுக்கு ஈடாக நின்றது. கவனி, 39 டிகிரிதான், காய்ச்சல் சூடு. பொறுக்க முடியாத கொதிப்பு தேவையில்லை, நீண்ட நேரம் இருக்க வேண்டும். உன் ஆச்சி கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்த ஒத்தடமும் இதே வைத்தியம்தான். இளைத்ததில் அடிவயிற்றுத் தோல் தொங்கி மடிந்திருக்கிறது என்றாயே, மடிப்புக்குள் சூடு தேங்கிப் பொத்துவிடும். நடுவில் ஒரு துண்டை மடித்து வை, வைத்தபடியே தூங்கிவிடாதே.

ஆச்சி சொல்லும் உளுந்தங்களிக்கு மட்டும் நான் குறுக்கே நிற்கிறேன். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்ணம் நிறையத் தந்தால், அந்த இனிப்பு உன் சின்னப் பையில் தங்காமல் ஒரேயடியாகக் குடலில் இறங்கும். படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் எல்லாம் வரும். ஆசைக்கு இரண்டு ஸ்பூன், அதுவும் இனிப்பு குறைத்து. சுக்குத் தண்ணீர் குடி, கருப்பட்டி போடாமல். இஞ்சி இந்த வலிக்கு ஓரளவு உதவும் என்று ஆய்வுகளும் உண்டு. கோலி சோடா வேண்டவே வேண்டாம். மற்ற நாட்களில் வாரம் மூன்று முறை முக்கால் மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் வலி குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீ எப்படியும் நடக்கிறாய்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால் மகப்பேறு டாக்டரிடம் ஹார்மோன் வைத்தியம் கேள். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அந்த மாத்திரையா" என்று உன் அம்மா பதறுவாள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். பைபாஸுக்குப் பிறகு விழுங்கும் கருத்தடை மாத்திரை முழுதாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது. அதனால் கருப்பைக்குள்ளேயே ஹார்மோனைக் கசியவிடும் சாதனத்தைச் சில டாக்டர்கள் சொல்வார்கள். உதிரமும் குறையும், வலியும் குறையும். காப்பர் டி அப்படி அல்ல, இரண்டையும் கூட்டக்கூடும்.

உதிரம் என்றதும் இரும்புச்சத்து. அது உறிஞ்சப்படும் முக்கியமான குடல்பகுதியைத்தான் உனக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு பைபாஸுக்குப் பிறகு தினம் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடு. டீயோடு விழுங்காதே. இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், பயப்படாதே. ஆனால் தார் மாதிரிப் பளபளப்பாக, ஒட்டிக்கொண்டு, நாற்றமாகப் போனால் அது உள்ளே கசியும் ரத்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மாதவிடாய் வலி அடிவயிற்றில் வரும், இரண்டு மூன்று நாளில் ஓயும். மேல்வயிற்றில் எரிந்தால் புண்ணாக இருக்கலாம். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் போனால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், வேகமாக இளைத்தவர்களுக்கு அது சகஜம். விட்டுவிட்டு முறுக்கி, வாந்தியும் சேர்ந்தால் குடல் உள்ளே ஏதோ இடுக்கில் சிக்கியிருக்கலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்தும் இது வரும். அந்த நேரம் தேதி பார்த்துக்கொண்டு 'இது அதுதான்' என்று படுத்துக் கிடக்காதே. போகிற இடத்தில் முதல் வாக்கியமாகவே பைபாஸ் செய்தவள் என்று சொல், இல்லையென்றால் டியூட்டி டாக்டர் முதலில் எடுப்பது டைக்ளோஃபினாக் ஊசியாகத்தான் இருக்கும்.

அடுத்தது 25ஆம் தேதிவாக்கில் வரும் என்றாய். 23ஆம் தேதி நான் போன் செய்கிறேன். அதற்குள் உன் பையிலும் மேஜை இழுப்பறையிலும் கிடக்கிற ஸ்ட்ரிப்பையெல்லாம் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
அத்தை