நுண்ணுயிரியின் உணவும் நெகிழியும்

நாம் அன்றாடம் கையாளும் நெகிழிப் பைகளுள் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து வருபவை. அவை மண்ணில் புதைந்தாலும் நெடுங்காலம் மட்குவதில்லை. ஆனால் மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள், மட்கக்கூடிய ஒருவகை நெகிழியைத் தம் உடலுக்குள்ளேயே ஆக்கிக்கொள்கின்றன. 1926ஆம் ஆண்டில் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த மொரீசு லெமுவாஞ் என்னும் அறிஞர் இதனைக் கண்டறிந்தார். பாலிஹைட்ராக்சிபியூட்ரேட் என்பது அதன் பெயர். பெயர்தான் நீளமே தவிர, பொருள் எளியது. நான்கு கார்பன் அணுக்களைக் கொண்ட சிறு அலகுகள், சரத்தில் பூக்கள் தொடுக்கப்பட்டாற்போல் ஒன்றோடொன்று இணைந்த தொடரே அது.

பாக்டீரியாவுக்கு நெகிழி எதற்கு? செங்கல் மிகுதியாக இருந்தும் சுண்ணாம்பு இல்லையெனில் கொத்தனார் என்ன செய்வார்? சுண்ணாம்பு வரும்வரை செங்கலை அடுக்கி வைப்பார். குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் என்னும் பாக்டீரியாவும் அவ்வாறே செய்கிறது. கார்பன் உணவு மிகுந்து, நைட்ரஜன் குறைந்தால் அதனால் பெருக இயலாது. அப்போது மிஞ்சிய கார்பனை நெகிழித் துகள்களாகச் சேமிக்கிறது. அதன் உலர் எடையில் 80 விழுக்காடு வரை இத்துகள்களே நிறைந்திருப்பதுண்டு!

1980களின் இறுதியில் இப்பணிக்குரிய மூன்று மரபணுக்களை எடுத்து, ஈ. கோலை என்னும் வேறொரு பாக்டீரியாவுக்குள் அறிவியலறிஞர்கள் புகுத்தினர். ஈ. கோலை விரைந்து வளரும். சேமித்த நெகிழியைத் திரும்பச் சிதைத்து உண்ணும் நொதியும் அதனிடம் இல்லை.

இங்கேதான் ஒரு வியப்பு. குப்ரியாவிடஸ் பற்றாக்குறையில் மிகுதியாகச் சேமித்தது. மரபணு மாற்றப்பட்ட ஈ. கோலையோ வளமான உணவில்தான் மிகுதியாகத் தருகிறது. உப்புகளும் குளுக்கோசும் மட்டுமே உள்ள எளிய ஊடகத்தில் விளைச்சல் குறைகிறது. பால் புரதத்திலிருந்து எடுக்கும் டிரிப்டோன், ஈஸ்ட் சாறு ஆகியவற்றைக் குளுக்கோசுடன் சேர்த்தால் விளைச்சல் கூடுகிறது. மரபணு ஒன்றே, விளைவு வேறு.

காரணம் இதுதான். நெகிழியின் அலகை ஆக்க அசெட்டைல் கோ-ஏ என்னும் மூலப்பொருளும், என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைப்பொருளும் வேண்டும். புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்களை ஆக்கவும் இவையே செலவாகின்றன. எளிய ஊடகத்தில் அமினோ அமிலங்கள் அனைத்தையும் பாக்டீரியா தானே ஆக்கியாக வேண்டும். ஆகவே நெகிழிக்கு மிஞ்சுவது குறைவு. வளமான ஊடகம் அமினோ அமிலங்களை ஆயத்தமாகவே தந்துவிடுகிறது.

உணவு மாறினால் அளவு மட்டுமன்று, அலகும் மாறும். குளுக்கோசுடன் புரோப்பியானிக் அமிலத்தையும் கொடுத்தால் ஐந்து கார்பன் அலகுகளும் தொடரில் இடம்பெறுகின்றன. தனி நான்கு கார்பன் நெகிழி எளிதில் உடையும். கலப்பு நெகிழி வளைந்து கொடுக்கும். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம், குப்ரியாவிடஸ் பாக்டீரியாவுக்கு இவ்வாறு உணவூட்டியே 'பயோபால்' என்னும் கலப்பு நெகிழியை உருவாக்கியது.

ஆயினும் டிரிப்டோன் விலை மிகுந்தது. ஆய்வுக்கூடக் குடுவைக்கு அது பொருந்தும். ஆலையின் பெருந்தொட்டிக்குக் கட்டுப்படியாகாது. பெட்ரோலிய நெகிழியோ மலிவு. எனவே மலிவான உணவைத் தேடும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. பாலாடைக்கட்டி எடுத்தபின் எஞ்சும் நீர் அவற்றுள் ஒன்று. அதிலுள்ள லாக்டோசு என்னும் பால் சர்க்கரையைக் குப்ரியாவிடஸ் உண்ணாது, ஈ. கோலை உண்ணும். தென்கொரிய ஆய்வாளர்கள் இந்நீரைக் கொண்டே ஈ. கோலையில் நெகிழியை விளைவித்துக் காட்டியுள்ளனர்.

சொற்பொருள்
நெகிழி – பிளாஸ்டிக்
ஊடகம் – நுண்ணுயிரி வளர்வதற்கான உணவுக் கலவை
நொதி – உயிரணுவில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

வினாக்கள்
1. கொத்தனார் உவமையில் செங்கலும் சுண்ணாம்பும் எவற்றைக் குறிக்கின்றன?
2. எளிய ஊடகத்தில் ஈ. கோலையின் நெகிழி விளைச்சல் ஏன் குறைகிறது?
3. உங்கள் வீட்டிலோ ஊரிலோ வீணாகும் எந்த உணவுப்பொருளைப் பாக்டீரியாவுக்கு உணவாகத் தரலாம் என எண்ணுகிறீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.