மார்கழிப் பூவுக்கு ஐப்பசியில் பரீட்சை
டிசம்பர் பூச்செடிக்கு மண் பார்ப்பது எப்படி?



மார்கழி பிறந்தால் மல்லிகை விலையைக் கேட்கவே பயமாக இருக்கும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம மதுரை மல்லி, பனி விழ ஆரம்பித்ததும் பூப்பது குறைந்துவிடும். பொங்கல் நெருங்க நெருங்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அந்த நேரத்தில் கைகொடுப்பது டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, ரோஸ் என்று கொல்லை நிறையப் பூக்கும். வாசம் கிடையாது. ஆனால் சரம் கட்டித் தலையில் வைக்கலாம், சாமிக்குப் போடலாம், மிஞ்சினால் அக்கம்பக்கத்தில் விற்கலாம்.

"டிசம்பர் பூ எந்த மண்ணுலயும் வரும்க்கா, ஒரு குச்சிய ஒடிச்சு வச்சாப் போதும்" என்று பல பேர் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. குச்சி வைத்தால் துளிர்க்கும். ஆனால் பூக்கிற வரைக்கும் நிற்குமா என்பதை மண்தான் முடிவு செய்யும்.

ஏன் அப்படி?

நம் பகுதியில் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. டிசம்பர் பூ மொட்டு விடத் தயாராவதும் அதே சமயம்தான். வேரைச் சுற்றி நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும், இலை மஞ்சளாகும், மொட்டு உதிரும். வெயில் காலத்தில் நன்றாக இருந்த செடி மார்கழிக்கு முன்னாலேயே போய்விடும். அதனால் இந்தச் செடிக்கு நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மண்ணில் சத்து இருக்கா?" என்பது அல்ல; "மழைத் தண்ணி வடியுமா?" என்பதுதான்.

நம்ம ஊர் மண்கள்

1. செம்மண்: மேலூர், உசிலம்பட்டி பக்கம் அதிகம். தண்ணீர் நன்றாக வடியும். டிசம்பர் பூவுக்கு ஏற்றது. குறை என்னவென்றால் சீக்கிரம் காயும், சத்தும் குறைவு. மக்கிய தொழு உரம் கலந்தால் போதும். கண்மாய் வண்டல் கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம். அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

2. கரிசல்: திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி பக்கம். சத்தும் ஈரமும் பிடிக்கும் மண். ஆனால் அடைமழையில் உப்பித் தண்ணீரைக் கீழே விடாது. இதில் மேட்டுப்பாத்திதான் வழி.

3. வண்டல்: சோழவந்தான் பக்கம் வைகைக் கரையோரம். நல்ல மண்தான். வயலை ஒட்டிய தாழ்வான இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்.

4. வீட்டைச் சுற்றிக் கொட்டிய மண்: மதுரை நகரத்தில் இருக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீடு கட்டிய சிமெண்ட், சுண்ணாம்பு, செங்கல் தூள் கலந்திருக்கும். இலை நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் மாறினால், சுண்ணாம்பினால் இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த மண்ணை ஓர் அடி ஆழம் அள்ளிவிட்டு நல்ல மண் நிரப்புங்கள். முடியாவிட்டால் தொட்டியில் வையுங்கள்: செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு. தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம்.

காசு செலவில்லாத இரண்டு சோதனை

கைச் சோதனை: ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து உருண்டை பிடியுங்கள். உருண்டையே பிடிக்க வராமல் உதிர்ந்தால் மணல் அதிகம். உருண்டை பிடித்து, விரலால் அழுத்தினால் உடைந்தால் நல்ல மண். விரலிடுக்கில் நாடா மாதிரி நீளமாக வந்தால் களிமண்.

குழிச் சோதனை: ஓர் அடி நீளம், அகலம், ஆழம் குழி வெட்டுங்கள். தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மாலையில் மறுபடியும் நிரப்புங்கள். இந்த இரண்டாவது தண்ணீரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கோடையில் கரிசல் வெடித்திருக்கும். முதல் தண்ணீர் வெடிப்பில் ஓடி நம்மை ஏமாற்றிவிடும். மறுநாள் காலையில் வற்றியிருந்தால் அங்கே நடலாம். மறுநாள் சாயங்காலம் வரை நின்றால் தரையில் நடக் கூடாது.

பலர் செய்கிற தவறு

கரிசல் காட்டில் குழி வெட்டி, காசு கொடுத்து வாங்கிய செம்மண்ணைக் குழிக்குள் மட்டும் நிரப்புகிறார்கள். சரியாகத் தோன்றும். ஆனால் சுற்றிலும் கரிசல், நடுவில் செம்மண் என்றால் அது அடியில் ஓட்டை இல்லாத தொட்டி. சுற்றுவட்ட மழைத் தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கி அங்கேயே நிற்கும். வண்டி வாடகையும் போய், செடியும் போய்விடும். அதே செம்மண்ணைத் தரைக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தியாகப் போட்டு, மக்கிய உரம் கலந்து, பக்கத்தில் வாய்க்கால் இழுத்துவிட்டால் செடி தப்பிக்கும். மண் ஒன்றுதான், போடுகிற இடம்தான் வேறு.

உரத்தை அள்ளிப் போடாதீர்கள்

குழிக்கு இரண்டு கூடை மக்கிய உரம் தாராளம். பச்சைச் சாணம் வேண்டாம். யூரியாவை அதிகம் போட்டால் செடி இலையாகத் தழைக்கும், பூ குறையும்.

மாதக் கணக்கு

• சித்திரை, வைகாசி: குழிச் சோதனை, மேட்டுப்பாத்தி வேலை.
• ஆனி, ஆடி: முற்றியும் முற்றாத குச்சியைச் சாண் நீளத்துக்கு வெட்டிப் பதியம் போடுவது.
• ஆவணி: வேர் பிடித்த செடியை 3 அடி இடைவெளியில் நடுவது. மழைக்கு முன் செடி ஊன்றிக்கொள்ள வேண்டும்.
• ஐப்பசி, கார்த்திகை: தண்ணீர் தேங்காமல் வடித்துவிடுவது.
• மாசி: பூ முடிந்ததும் கவாத்து. புரட்டாசிக்கு மேல் வெட்டினால் பூக்கிற நுனி போய்விடும்.

கடன் வாங்கும் முன்

வீட்டுக்கு நாலு செடி வைக்கக் கடன் தேவையில்லை. பக்கத்து வீட்டுக் குச்சி போதும். மல்லிகையோ கனகாம்பரமோ தோட்டமாகப் போடக் குழுவில் கடன் கேட்பவர்கள், முதலில் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிலத்தில் பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். எங்கே கொடுப்பது என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். செடி செத்தாலும் தவணை நிற்காது என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. போன ஐப்பசி மழையில் யார் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் அதிக நாள் நின்றது? எந்த மூலையில்?
2. நம் குழுவில் யாரிடம் எந்த நிற டிசம்பர் பூ இருக்கிறது? ஆனியில் யார் யாருக்குக் குச்சி தருவது?
3. பூந்தோட்டக் கடன் கேட்கும்போது மண் பரிசோதனை அட்டையையும் காட்ட வேண்டும் என்று நம் குழுவில் தீர்மானம் போடலாமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டு மண்ணில் ஒரு கைப்பிடி கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து உருண்டை பிடித்துப் பார்ப்போம்.