மீண்டும் தண்டவாளம் ஏறிய தேக்குப் பெட்டி

முன்னுரை

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் அருகே, சக்கரங்கள் கழற்றப்பட்ட பழைய பேருந்து ஒன்றின் கூட்டில் தேநீர்க் கடை நடக்கிறது. நாள்தோறும் பள்ளிக்கு வரும் வழியில் அதனைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் எத்தனை ஊர்களுக்கு எத்தனை பேரைச் சுமந்து சென்ற வண்டியோ! இனி அது ஓரடி கூட நகரப் போவதில்லை என்றே எண்ணியிருந்தேன். ஆனால் இதே நிலையில் கிடந்த இங்கிலாந்து நாட்டு இரயில் பெட்டி ஒன்று, மீண்டும் நீராவி எஞ்சினின் பின்னால் ஓடிய வரலாற்றைப் படித்தபோது என் எண்ணம் மாறியது. அப்பெட்டியின் எண் 353. அன்புத் தோழியரே, அதன் கதையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் பெருமையும்

உலகின் முதல் சுரங்க இரயில் பாதை இலண்டன் மாநகரில் 1863ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறக்கப்பட்டது. பாடிங்டன் முதல் ஃபாரிங்டன் வரை சென்ற அப்பாதையை அமைத்தது மெட்ரோபாலிட்டன் இரயில்வே என்னும் நிறுவனம். அந்நாளில் மின்சார இரயில் இல்லை. பூமிக்கு அடியிலேயே நீராவி எஞ்சின்கள் ஓடின. பயணிகளுக்கு மரப்பெட்டிகள், அவற்றுள் வாயு விளக்குகள். புகை சூழ்ந்த அப்பயணத்தை மேற்கொள்ள மக்கள் முதல் நாளிலேயே திரண்டு வந்தனர்.

1887ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிப் பொன்விழா நடைபெற்றது. அதனையொட்டி இந்நிறுவனம் செய்வித்த பெட்டிகளுக்கு 'ஜூபிலி' என்று பெயர் வழங்கலாயிற்று. அவ்வகையைச் சேர்ந்ததே நமது 353. 1892ஆம் ஆண்டு கிரேவன்ஸ் என்னும் தொழிற்சாலையில் உருவான முதல் வகுப்புப் பெட்டி அது. நான்கே சக்கரங்கள், வார்னிஷ் பூசிப் பளபளக்கும் தேக்குப் பலகைகள், உள்ளே மெத்தை தைத்த இருக்கைகள். அந்நாளில் அதில் அமர்ந்து செல்வது ஒரு கௌரவமாகவே இருந்திருக்கும்.

வீழ்ச்சி

1905ஆம் ஆண்டு மெட்ரோபாலிட்டன் இரயில்வேயின் பாதைகளில் மின்சார இரயில்கள் ஓடத் தொடங்கின. புகையின்றி விரைந்து செல்லும் புதிய வண்டிகள் வந்தபின், பழைய மரப்பெட்டிகளுக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று. 353ஆம் எண் பெட்டி 1907இல் வெஸ்டன், கிளீவ்டன், போர்ட்டிஸ்ஹெட் ஆகிய ஊர்களை இணைத்த ஒரு சிறிய இரயில்வேக்கு விற்கப்பட்டது. 1940இல் அந்த இரயில்வேயும் மூடப்பட்டது. பெட்டியின் கூடு ஷ்ரிவன்ஹாம் என்னும் ஊரைச் சென்றடைந்தது. அங்கே அது முதலில் தையற்கடையாகவும், பின்னர் பழம்பொருட் கடையாகவும் பயன்பட்டது. சீமாட்டிகள் அமர்ந்து சென்ற இடத்தில் துணிகள் தைக்கப்பட்டன!

ஒன்றை இங்கே மறவாமல் சொல்லவேண்டும். மரப்பெட்டிகள் கைவிடப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. 1915ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், ஸ்காட்லாந்தில் குவின்டின்ஸ்ஹில் என்னுமிடத்தில் இரயில்கள் மோதிக்கொண்டன. போர்வீரர்களை ஏற்றிச் சென்ற மரப்பெட்டிகள் நொறுங்கின. விளக்குகளுக்காக வைத்திருந்த வாயு தீப்பற்றிக்கொள்ள, 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எஃகுப் பெட்டிகளும் மின்விளக்குகளும் எத்தனை உயிர்களைக் காத்துள்ளன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆகவே, பழையவை எல்லாம் சிறந்தவை என்று நான் வாதிடவில்லை.

மீட்பு

1974ஆம் ஆண்டு இலண்டன் போக்குவரத்துக் கழகத்தார் தங்கள் பழம்பொருள் சேகரிப்புக்காக இப்பெட்டியைப் பெற்றுக்கொண்டனர். ஆயினும் அதனைச் செப்பனிடும் வாய்ப்பு உடனே கிட்டவில்லை. பல ஆண்டுகள் அது காத்துக் கிடந்தது. சுரங்க இரயிலின் 150ஆம் ஆண்டு விழா நெருங்கியபோதுதான் அதற்கு விடிவு பிறந்தது. பாரம்பரியச் சின்னங்களுக்கென லாட்டரி வருவாயிலிருந்து வழங்கப்படும் நிதியும், ஆர்வலர்களின் நன்கொடையும் சேர்ந்தன.

பெட்டியைச் செப்பனிடும் பொறுப்பு வேல்ஸ் நாட்டிலுள்ள பாஸ்டன் லாட்ஜ் தொழிற்கூடத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இது ஃபெஸ்டினியாக் இரயில்வேக்கு உரியது. மலையிலிருந்து பலகைக்கல் ஏற்றி வருவதற்காக 1836இல் திறக்கப்பட்ட அந்த இரயில்வேயின் தண்டவாள இடைவெளி சுமார் 60 சென்டிமீட்டர்தான்! பெரிய பாதைப் பெட்டியைச் சிறிய பாதைக்காரர்களிடம் ஏன் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தங்களுடைய பழைய மரப்பெட்டிகளை இன்றளவும் ஓட்டி வருபவர்கள் அவர்கள். ஆகவே மரவேலை அறிந்த கைகள் அங்கே இருந்தன.

மரப்பெட்டியைச் செப்பனிடுவது பொறுமையான பணி. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் மரம் உப்பும், சுருங்கும், பின் உளுத்துப் போகும். உளுத்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே அளவில் புதுத் துண்டு செதுக்கிப் பொருத்தவேண்டும். நல்ல பகுதியை வீணாக்கக் கூடாது. பிறகு வார்னிஷ் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூசவேண்டும். 353இன் கூடு மட்டுமே எஞ்சியிருந்ததால், அதற்கு வேறு அடிச்சட்டமும் சக்கரங்களும் அமைக்கவேண்டியதாயிற்று.

மறுபயணம்

2012 டிசம்பரில் ஓர் இரவு, வழக்கமான இரயில்கள் நின்றபின் நீராவி எஞ்சினைச் சுரங்கத்தினுள் செலுத்திச் சோதனை செய்தனர். 2013 சனவரி 13ஆம் நாள் விழாப் பயணம் நடைபெற்றது. 1898இல் செய்யப்பட்ட 'மெட்ரோபாலிட்டன் 1' என்னும் நீராவி எஞ்சின் ஒலிம்பியா நிலையத்திலிருந்து மூர்கேட் நோக்கிப் புறப்பட்டது. அதனுடன் நமது 353 சென்றது. புளூபெல் இரயில்வேயின் தொண்டர்கள் பேணிவரும் நான்கு பழைய மரப்பெட்டிகளும் சேர்ந்தே சென்றன. துணைக்கு 1920களில் செய்யப்பட்ட மின்சார எஞ்சின் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. நடைமேடைகளில் நின்ற மக்கள், வெண்புகை சூழத் தேக்குப் பெட்டிகள் வருவதைக் கண்டு மகிழ்ந்தனர்.

அதே பெட்டியா?

அடிச்சட்டம் வேறு, பல துண்டுகள் புதியவை என்றால், இது பழைய 353தானா? கண்ணாடிக் கூண்டில் அப்படியே வைத்திருந்தால் அதன் உண்மை உருவம் மாறாதிருக்குமே என்பார் சிலர். அதிலும் நியாயம் உண்டு. இந்த ஐயத்துடன் என் தாத்தாவிடம் சென்றேன். அவர் நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, அந்த மரத்தை இழைச்சவங்க யாரு?"

பெட்டியைப் பற்றி இத்தனை ஆண்டுகளையும் எண்களையும் ஒப்பித்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்தால் மரம் பிழைக்கும். அதனை ஓடச் செய்தால், அதைச் செய்யும் கைத்தொழிலும் சேர்ந்து பிழைக்கும். 1892இல் ஒரு தொழிலாளி அறிந்திருந்ததை 2012இல் மற்றொருவர் கற்றிருக்கவேண்டும். இல்லையேல் அப்பெட்டி தண்டவாளம் ஏறியிராது.

முடிவுரை

தாத்தாவின் உளிகளும் இழைப்புளியும் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாக்குப் பையில் கிடக்கின்றன. வீட்டில் யாரும் அத்தொழிலைக் கற்கவில்லை. சென்ற விடுமுறையில் அந்தப் பையை இறக்கித் தரும்படி அப்பாவிடம் கேட்டேன். தாத்தா கைபிடித்துச் சொல்லிக் கொடுக்க, ஒரு சிறு பலகையை இழைத்தேன். அது கோணலாகத்தான் வந்தது. "பரவாயில்லை, நாளைக்கு நேராக வரும்" என்றார் தாத்தா.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைகளிலும் ஏதேனும் ஒரு தொழில் இருக்கும். பாட்டியின் பின்னலோ, தாத்தாவின் தச்சோ, எதுவாயினும் அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கற்றுக்கொள்வோம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி