முதுமை பூண்ட இளைஞர்

விருதுநகர் பழைய வணிகப் பேரூர். முன்னாளில் விருதுபட்டி என வழங்கிய இவ்வூர் 1923 ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றது. மிளகாயும் பருப்பும் எண்ணெயும் பஞ்சும் மூட்டை மூட்டையாக வந்து குவியும் இடம் அது. செய்தித்தாள்களில் 'விருதுநகர்ச் சந்தை நிலவரம்' என ஒரு பகுதி வெளிவரும். அதனைப் பார்த்தே பிறவூர் வணிகர் விலை சொல்வர். தலைவர் காமராசரை ஈன்றதும் இவ்வூரே. இங்கே 1926 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளில் பிறந்தவர் நடிகர் வி. கே. இராமசாமி. பெயரின் தலையில் நிற்கும் 'வி' என்னும் எழுத்து விருதுநகரையே குறிக்கும்.

அண்டையிலுள்ள சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியுமே நம் நினைவிற்கு வரும். அச்சுத் தொழிலிலும் அவ்வூர் பெயர் பெற்றது. திரைப்படச் சுவரொட்டிகள் பல அங்கே அச்சாயின. சுவரொட்டிகளில் தலைவனும் தலைவியும் பேருருவில் விளங்குவர். தந்தையாகவும் மாமனாகவும் நடிப்பவர் முகம் ஒரு மூலையில் சிறியதாய் அமையும். இராமசாமியின் முகம் ஐம்பது ஆண்டுகளுக்கு அந்த மூலையில் இருந்தது. மக்களைக் கொட்டகைக்கு அழைத்தது பெரிய முகம். வீடு திரும்பும் வழியில் அவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்ததோ பல வேளைகளில் மூலை முகத்தின் பேச்சை.

இராமசாமி இளமையிலேயே நாடகம் புகுந்தார். அக்காலத்தில் சிறுவர்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுக்கள் தமிழ்நாடெங்கும் ஊர் ஊராகச் சென்று நடித்து வந்தன. இம்முறை வேரூன்றக் காரணமாயிருந்தவர்களுள் தலையாயவர் சங்கரதாசு சுவாமிகள். அவர் 1918 ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு பால சபையை நிறுவினார். அரசன், அரசி, முனிவர், கிழவர், கோமாளி ஆகிய எல்லா வேடங்களும் சிறுவர்க்கே உரியன. குரல் வளமுடையவன் அரசனாவான்; மென்குரலுடையவன் பெண்வேடம் பூணுவான். ஆனால் அந்நிலை நிலையானதன்று. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை அரியணையில் வீற்றிருந்தவன் இன்று வாயிற்காவலனாக நிற்க நேரும். அதனால் எந்த வேடத்தையும் இழிவென்று தள்ளாது, எல்லார் பாடத்தையும் மனத்திற்கொள்வதே அங்குப் பிழைக்கும் வழியாயிற்று. பத்து வயதுப் பாலகன் பல்லிழந்த பாட்டனாகத் தள்ளாடிக் காட்டுவது அந்தப் பள்ளியில் அன்றாடப் பயிற்சி.

பின்னர்க் கலைவாணர் என். எசு. கிருட்டிணனின் நாடகக் குழு, ப. நீலகண்டன் எழுதிய 'தியாக உள்ளம்' என்னும் நாடகத்தை நடத்திற்று. அதனைக் கண்டு மகிழ்ந்த ஏ. வி. மெய்யப்பர், 'நாம் இருவர்' என்னும் பெயரில் அதைப் படமாக்கினார். காரைக்குடியில் கீற்றுக் கொட்டகைகளுக்கிடையே உருவாகிய அப்படம் 1947 ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளிவந்தது. கள்ளச் சந்தையில் பொருள் திரட்டும் முதியவர் வேடம் இராமசாமிக்குக் கிடைத்தது. அப்போது அவர்க்கு அகவை 21. அந்த அகவையில் எவரும் காதலனாகத் தோன்றவே விரும்புவர். அவரோ நரை முடியுடன் திரையுலகில் அடியெடுத்து வைத்தார். மக்கள் அவரை மெய்யாகவே முதியவர் என நம்பினர். நடிகனுக்கு அதனினும் பெரிய பாராட்டு வேறில்லை. ஆனால் அப்பாராட்டே அவர்க்கு ஒரு வேலியும் ஆயிற்று. அதன்பின் தந்தை, மாமனார், பண்ணையார், பாட்டனார் என முதியோர் வேடங்களே அவரை நாடி வந்தன. தலைவன் வேடம் அவர்க்கு எட்டாததாயிற்று.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நினைத்தல் தகும். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக இளமையை ஆசிரியர் வைத்தார். முதுமையையோ இளிவரலுக்கு உரிய களன்களுள் முதலாவதாக எண்ணினார். குழந்தையின் மழலை கேட்டுச் சிரிக்கலாம். கிழவரின் தளர்ச்சி கண்டு நகைத்தல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும். முப்பது ஆண்டுகள் இவ்வியலைப் பாடம் சொன்ன எனக்கு, முதுமையையே வைத்து நகை விளைத்த இந்நடிகர் நெடுநாள் ஒரு புதிராகவே இருந்தார். கூர்ந்து நோக்கியபின் விடை தெரிந்தது. அவர் கூனையும் நடுக்கத்தையும் காட்டிச் சிரிக்க வைத்ததில்லை. கரகரத்த குரலில் சொல்லை நீட்டி நிறுத்துவார்; தம்மை வல்லவராக எண்ணி ஏமாறுவார்; ஏமாந்ததை மறைக்க முயன்று மேலும் அகப்பட்டுக்கொள்வார். அது முதுமையன்று, பேதைமை. நகைக்குரிய மற்றொரு களன். நரை அவர் புறத்தே. உள்ளே இருந்தது ஒரு சிறுபிள்ளை.

'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தில், நாகரிக மோகங்கொண்ட மனைவிக்கு அடங்கிய கணவராக வருவார். அவர்பால் நமக்குச் சிரிப்பும் எழும், இரக்கமும் உடனெழும். 1978 இல் வந்த 'ருத்ர தாண்டவம்' படத்தில், மூப்பறியாச் சிவபெருமானாகவே தோன்றி, பூசகராகிய நாகேசுடன் சொல்லாடினார். 'ஆண் பாவம்' (1985) படத்தில் சிற்றூரில் திரையரங்கம் தொடங்கி, இரு மைந்தரோடும் முதிய தாயோடும் அல்லற்படும் தந்தை அவரே. பொருள் திரட்டிப் படமெடுக்கவும் துணிந்தார். ஏ. பி. நாகராசனுடன் சேர்ந்து அவர் 1957 இல் எடுத்த 'மக்களைப் பெற்ற மகராசி'யில் சிவாசி கணேசன் கொங்குநாட்டுப் பேச்சு வழக்கில் பேசி நடித்தார். ஒரு வட்டாரத்து உழவர் மொழி கதைத்தலைவன் வாயில் ஒலித்தது அன்று புதுமை.

'மௌன ராகம்' 1986 இல் வெளிவந்தது. கதைத்தலைவன் பணிபுரியும் அலுவலகத்தின் மேலதிகாரி வேடம் இராமசாமிக்கு. அவர்க்கு அகவை அப்போது 60. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒப்பனையால் வரவழைத்த முதுமை, இப்போது அழையாமலே வந்து சேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டில் 'வேலைக்காரன்' படத்தில் இரசினிகாந்தின் பாட்டனாராக நடித்தார். நடை, குரல், நீட்டிப் பேசும் முறை யாவும் பழையனவே. எது ஒப்பனை, எது இயற்கை எனப் பிரித்தறிய எவராலும் இயலவில்லை.

2002 ஆம் ஆண்டு திசம்பர் 24 ஆம் நாள் அவர் மறைந்தார். 77 ஆம் அகவை நிறைய எட்டு நாள்களே எஞ்சியிருந்தன.