துரித உணவகத்தில் மேலாளராக எந்த வழி நல்லது?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும், "பையனை ஓட்டல் மேனேஜ்மென்ட்ல சேர்த்துட்டோம் சார், படிச்சு முடிச்சா நேரா மேனேஜர்தான்" என்று சொல்லும் பெற்றோர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தப் பையனுக்கு நாலு பேரோடு பேசிப் பழக வருமா, ஞாயிறும் தீபாவளியும் வேலைக்கு வர மனம் ஒப்புமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்தது, இவனும் சேர்ந்தான். துரித உணவு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற உரிமையில், இந்தத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1995இல் பெங்களூருவில் கேஎஃப்சியும், 1996இல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸும் டோமினோஸும் கால் வைத்தன. இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் இக்கடைகள் இருக்கின்றன. பெயர்ப்பலகை அமெரிக்காவுடையது என்றாலும், கடையை நடத்துவது இந்திய நிறுவனம். தமிழ்நாட்டில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் வெஸ்ட்லைஃப் கையிலும், டோமினோஸ் ஜூபிலன்ட் கையிலும் உள்ளன. சம்பளம், பதவி உயர்வு எல்லாம் அவர்களுடைய விதிப்படிதான். வேலையில் சேர்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவையே. மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம் படிக்கலாம். சென்னை தரமணியில் ஒன்று இருக்கிறது, தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் அங்கே படிக்கத் தாட்கோவின் உதவித் திட்டத்தையும் விசாரிக்கலாம். எம்பிஏ முடித்துப் பயிற்சி மேலாளராக நுழைவது இன்னொரு வழி. பணமுள்ளவர்கள் உரிமம் வாங்கிக் கடை திறக்கலாம். அது முதலாளியின் வழி, இருபது வயதுக்காரர் யோசிக்க வேண்டியதில்லை. ஏதாவதொரு பட்டம் படித்தபடியே கடையில் குழு உறுப்பினராகச் சேர்ந்து, ஷிப்ட் மேலாளர், உதவி மேலாளர், கடை மேலாளர் என்று ஏறுவது மற்றொன்று.

பெற்றோர்களை அதிகம் ஈர்ப்பது இவை எதுவுமில்லை. தனியார் நிறுவனங்கள் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு நடத்தும் டிப்ளமோதான். "நூறு சதவீத வேலை உறுதி", "கப்பல் வேலை", "துபாய் வேலை" என்று விளம்பரம் வரும். கோட்டும் டையும் போட்ட மாணவர்களின் படம் வரும். அந்த "உறுதியான வேலை" என்ன தெரியுமா? பிளஸ் டூ முடித்தவர் நேரே கடைக்கு வந்து கேட்டாலே கிடைக்கும் அதே குழு உறுப்பினர் வேலை. எங்கள் நேர்காணலுக்கு இப்படி வந்தவர்கள் ஏராளம். கல்விக்கடன் தலைமேல் இருக்கும். சம்பளம் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூக்காரருக்குத் தரும் அதே தொகைதான்.

பாடத்திட்டமும் உதவாது. துணி நாப்கினை மயில் போல மடிக்கவும், பிரெஞ்சு உணவுகளின் பெயர்களைச் சொல்லவும் கற்றுத் தருகிறார்கள். கடை மேலாளருக்கு வேண்டியது வேறு. நாளை மதியம் எத்தனை பேர் ஷிப்டில் வேண்டும், இன்று எவ்வளவு கோழி வீணானது, விற்பனையில் மூலப்பொருள் செலவு எத்தனை சதவீதம், கல்லாக் கணக்கு ஏன் உதைக்கிறது என்பவைதான் அவருடைய அன்றாடம். உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும்; அதனால் வெப்பநிலைப் பதிவேடு தவறக்கூடாது. 25 பேர் உணவைக் கையாளும் இடத்தில் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். அந்தப் பயிற்சிக்கு ஒரு நாள் போதும், லட்சங்கள் வேண்டாம்.

பணத்தைவிடப் பெரிய சேதம் மனதில் நேர்கிறது. மேனேஜர் ஆவாய் என்று சொல்லிச் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு, முதல் வாரம் தரை துடைக்கச் சொன்னால் அவமானமாக இருக்கிறது. சில மாதங்களில் விலகி, சம்பந்தமில்லாத வேலைக்குப் போய்விடுகிறார்.

அப்படியும் தனியார் படிப்புதான் என்றால், பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம்? போன ஆண்டு முடித்த மாணவர்கள் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? தொழிற்பயிற்சியில் எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்புவார்களா, ஆறு மாதமும் பாத்திரம்தானா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

டிப்ளமோ வைத்திருப்பவரும், பி.காம் படித்தபடி மாலை ஷிப்டில் பொரிப்பான் அருகே நின்றவரும் ஒரே பதவிக்கு வந்தால், நான் இரண்டாமவரையே எடுப்பேன். கூட்டம் அலைமோதும்போது யார் நிதானம் இழக்க மாட்டார் என்பது அடுப்படியில்தான் தெரியும். மெக்டொனால்ட்ஸின் உலகத் தலைமைப் பொறுப்புக்கு 2004இல் வந்த சார்லி பெல், 15 வயதில் சிட்னி கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். 19 வயதில் கடை மேலாளர். அதே ஆண்டு அவரையடுத்துப் பொறுப்பேற்ற ஜிம் ஸ்கின்னர், 1971இல் பயிற்சி மேலாளராகத் தொடங்கியவர். கல்லூரிப் பட்டம் அவரிடம் இல்லை.

எல்லோரும் அந்த உயரத்துக்குப் போவார்கள் என்று சொல்லவில்லை. மனிதர்களோடு பழகப் பிடிக்க வேண்டும், நின்று வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்க வேண்டும், எண்களைக் கண்டு அஞ்சக்கூடாது. இம்மூன்றும் இருந்தால் பொறுமை மீதியைப் பார்த்துக்கொள்ளும். எந்தத் தொழிலிலும் முதல் இரண்டு ஆண்டுகள் கையையும் கண்ணையும் பழக்குவதற்கே. அதைத் தாங்கியவர்தான் பிறகு பத்துப் பேரை நடத்தும் தகுதி பெறுகிறார்.

பெற்றோர்களே, கட்டணம் கட்டும் முன் ஒரு கோடை விடுமுறை உங்கள் பிள்ளையை ஏதேனும் ஓர் உணவகத்தில் வேலை செய்ய விடுங்கள். அவருக்கு அது பிடித்திருந்தால் மட்டும் இந்தத் துறைக்கு அனுப்புங்கள்.