எந்த விலங்குக்கு எந்தக் கருவி?

காட்டு விலங்குகளின் நடமாட்டத்தை ஆராயத் தடமறி கருவியைத் தேர்ந்தெடுப்போர், ஆய்வின் கேள்வி என்ன, விலங்கின் எடை எவ்வளவு, அதே விலங்கை மீண்டும் பிடிக்க முடியுமா என்ற மூன்றுக்கும் விடை கண்ட பிறகே விலையையும் வசதியையும் ஒப்பிட வேண்டும். இவற்றுள் எடை வரம்பு கண்டிப்பானது. கட்டும் வாரையும் சேர்த்துக் கருவியின் எடை பறவைக்கு உடல் எடையில் 3 விழுக்காட்டையும், தரைவாழ் பாலூட்டிக்கு 5 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்பது ஆய்வாளர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு. யானைக்கும் புலிக்கும் இது தடையாவதில்லை. ஆனால் 20 கிராம் எடையுள்ள தகைவிலானுக்கு 0.6 கிராமுக்கு மேற்பட்ட எதுவும் பொருந்தாது என்பதால், சந்தையில் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே விலகிவிடுகின்றன.

கருவிகளுள் பழையது, மிக உயர் அதிர்வெண் வானொலி அலையைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் கழுத்துப்பட்டை. ஆய்வாளர் கையில் ஏந்திய ஆண்டெனாவைச் சுழற்றி, சமிக்ஞை எத்திசையில் வலுவாகக் கேட்கிறது என்பதை இரண்டு மூன்று இடங்களிலிருந்து குறித்து, அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியை விலங்கின் இருப்பிடமாகக் கொள்வார். 1961இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் கிரிஸ்லி கரடிகளைத் தொடர்ந்ததும், 1990இல் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் புலிகளைத் தொடர்ந்ததும் இவ்வகைப் பட்டையால்தான். மலைச்சரிவு குறுக்கிட்டால் சமிக்ஞை மங்கும். விலங்கு நெடுந்தூரம் விலகிச் சென்றால் அதைக் கண்டுபிடிக்கவே நாள்கள் ஆகும். அதைத் தேடி ஆய்வாளர் காட்டுக்குள் நடந்தாக வேண்டும் என்பதையும் பலர் குறையாக எண்ணுகின்றனர். உண்மையில் அதுவே இக்கருவியின் பெரும்பலன். விலங்கு எதைத் தின்றது, எந்தக் கூட்டத்தோடு சேர்ந்தது, எதைக் கண்டு ஒதுங்கியது என்பவற்றை வரைபடப் புள்ளிகள் தாமாகச் சொல்வதில்லை. மேலும் இதன் விலை குறைவு என்பதால் ஒரே செலவில் அதிக விலங்குகளைத் தொடரலாம்; ஒரு காட்டிலுள்ள மான்கள் பொதுவாக எவ்வளவு பரப்பில் உலவுகின்றன என்று கேட்பவருக்கு, இரண்டு மான்களின் ஆயிரக்கணக்கான புள்ளிகளைவிடப் பத்து மான்களின் சில நூறு புள்ளிகளே நம்பகமான விடையைத் தரும்.

ஜி.பி.எஸ். பட்டையின் நிலை வேறு. அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். அமைப்பில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கிய பின், சுமார் 100 மீட்டராக இருந்த பிழை பத்து மீட்டர் அளவுக்குச் சுருங்கியதால், யானை சாலையை எந்த வளைவில் கடக்கிறது என்பது வரை அறிய முடிகிறது. ஆனால் ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெற்று இடத்தைக் கணிக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. கணித்ததை ஆய்வாளருக்கு அனுப்ப மொபைல் வலையமைப்போ தகவல்தொடர்புச் செயற்கைக்கோளோ தனியாகத் தேவை. மொபைல் கோபுரம் இல்லாத காட்டில் முதல்வகை பயன்படாது. இரண்டாவதற்குச் செலவு கூடும். மணிக்கொருமுறை இடம் பதிந்தால் ஓராண்டில் 8,760 பதிவுகள் சேரும். நான்கு மணிக்கொருமுறை என்றால் 2,190 பதிவுகளே சேரும், பேட்டரியோ பல மடங்கு காலம் நீடிக்கும். பருவந்தோறும் மாறும் வலசைப் பாதையை அறிய விரும்புபவர் நீண்ட இடைவெளியையும், விலங்கின் அன்றாடச் செயலை அறிய விரும்புபவர் குறுகிய இடைவெளியையும் தேர்ந்தெடுப்பதே முறை.

உடனுக்குடன் செய்தி வேண்டிய நிலைக்கு அரிக்கொம்பன் யானை தெளிவான சான்று. 2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பட்டை அணிவித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அந்த யானை, மே மாதக் கடைசியில் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு வனத்துறை அதை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பகுதியில் விட்டது. இத்தகைய யானைக்குத் தரவைத் தன்னுள்ளேயே சேமித்து வைக்கும் மலிவான பட்டையை அணிவிப்பதில் பொருளே இல்லை. அதே சமயம், யானை ஊருக்குள் வருவதைப் பட்டை அறிவிக்குமேயன்றித் தடுக்காது என்பதால், செய்தி கிடைத்தவுடன் புறப்படும் களப்பணியாளர் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த கருவியும் வீணே.

நெடுந்தூரம் பறக்கும் பறவைகளுக்கு 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் செயற்கைக்கோள் அமைப்பு பொருந்தும். கடந்து செல்லும் செயற்கைக்கோள் பெறும் அலையின் அதிர்வெண்ணில் தோன்றும் மாற்றத்தைக் கொண்டு இடம் கணிக்கப்படுவதால், கருவிக்குள் ஜி.பி.எஸ். தேவைப்படாமல் எடை குறைகிறது. 2013இல் நாகாலாந்தில், 200 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள அமூர் வல்லூறுகளுக்குச் சூரிய ஒளியில் இயங்கும் 5 கிராம் கருவிகள் பொருத்தப்பட்டன. அவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா சென்ற பாதை வெளிப்பட்டது. சில கிலோமீட்டர் பிழை அத்தகைய பயணத்தில் பொருட்படுத்தத் தக்கதன்று. அதனினும் சிறிய பறவைக்கு எஞ்சுவது ஒளியளவுப் பதிவான்: விடியலும் அந்தியும் நிகழும் நேரத்தைப் பதிந்துகொள்ளும் இக்கருவியில், பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையும் நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகையும் கணிக்கப்படும். பிழை நூறு கிலோமீட்டரையும் தாண்டும். பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி அட்சரேகை கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பறவையை மறுபடி பிடித்தால்தான் தரவு கைக்கு வரும். ஆண்டுக்கு 70,000 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும் ஆர்க்டிக் ஆலாவின் பயணத்தை 1.4 கிராம் பதிவான் காட்டியது, அப்பறவை கூடு கட்டிய இடத்துக்கே திரும்பும் இயல்புடையது என்பதால்தான். அவ்வியல்பு இல்லாத பறவைக்கு இதைப் பொருத்துவது சுமையை மட்டும் ஏற்றுவதாகும்.

கடல்நீரை வானொலி அலை ஊடுருவாது. எனவே மூச்செடுக்க மேலே வரும் ஆமைக்கு நொடிப்பொழுதில் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவியும், மேலே வராத மீனுக்கு ஒலியலை அனுப்பும் கருவியும் ஏற்றவை.

எக்கருவியைத் தேர்ந்தாலும் அதன் விலையில் ஒரு பகுதியை விலங்கு தன் உடலால் கொடுக்கிறது. இறக்கையில் அடையாளப் பட்டை பூட்டப்பட்ட ராஜ பென்குயின்கள், பூட்டப்படாதவற்றைவிட 39 விழுக்காடு குறைவாகவே குஞ்சுகளை வளர்த்தன என்று பத்தாண்டு ஆய்வொன்று 2011இல் காட்டியது. 2023 மழைக்காலத்தில் குனோ தேசியப் பூங்காவின் சிவிங்கிப்புலிகளுக்குக் கழுத்துப்பட்டையின் அடியில் புண்கள் காணப்பட்டு, பட்டைகளைக் கழற்றிச் சிகிச்சை அளிக்க நேர்ந்தது. ஈரப்பதம் மிகுந்த நிலங்களில் பட்டையின் அகலம், உட்புறப் பொருள், இறுக்கம் ஆகியவற்றைத் துல்லியத்துக்கு முன்பாகவே பரிசீலிக்க வேண்டும். குறித்த நாளில் தானே கழன்று விழும் பூட்டு உள்ள பட்டை விலை கூடினாலும் அதையே வாங்க வேண்டும். கழுத்து இன்னும் பருக்கும் இளம் விலங்குகளுக்கும் இனச்சேர்க்கைக் காலத்தில் கழுத்து வீங்கும் ஆண் மான்களுக்கும், விரிந்துகொடுக்கும் பட்டை கிடைக்காதவரை, எதையும் அணிவிக்கக்கூடாது.